மழையில் அறுந்த இணைப்பும் மொடம் காட்டிய எண்களும்

கொட்டகலையில் எங்கள் வீட்டுக்கு வரும் செப்புத் தொலைபேசிக் கம்பியிலேயே ஏடிஎஸ்எல் இணையமும் வருகிறது. தென்மேல் பருவமழை தொடங்கினால் இணைப்பு அடிக்கடி அறுந்துவிடும். "இணையம் சரியில்லை" என்று முறைப்பாடு செய்யும்போதெல்லாம், மொடத்தை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் கிடைத்தது. ஆகவே மொடம் காட்டும் எண்களை நானே படிக்கப் பழகினேன்.

நமது குரலுக்கு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான அலைவரிசை போதும். ஏடிஎஸ்எல் தரவு ஏறத்தாழ 25 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே 1.1 மெகாஹேர்ட்ஸ் வரை செல்கிறது. அதன் பிந்திய, வேகமான வடிவமான ஏடிஎஸ்எல் 2 பிளஸ் எனில் 2.2 மெகாஹேர்ட்ஸ் வரை. குரலையும் தரவையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரையும் தொலைபேசியையும் கழற்றிவிட்டு, கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் சொக்கெட்டில் மொடத்தை நேரே செருகிப் பார்த்தேன். மழையில் அப்போதும் அறுந்ததால் கோளாறு வெளியே என்பது உறுதியாயிற்று.

அடுத்து, உலாவியில் மொடத்தின் பக்கத்தைத் திறந்து இரண்டு எண்களை நேரத்தோடும் வானிலையோடும் குறித்து வந்தேன். அட்டெனுவேஷன் என்பது தொலைபேசி எக்சேஞ்சிலிருந்து வரும் வழியில் சமிக்ஞை எவ்வளவு தேய்கிறது என்பதன் அளவு; கம்பியின் நீளமும் தடிப்பும் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன. எஸ்என்ஆர் மார்ஜின் என்பது இரைச்சலைத் தாங்க மிச்சமிருக்கும் இடைவெளி. 6 டெசிபெல்லுக்குக் கீழே போனால் இணைப்பு தள்ளாடத் தொடங்கும். எங்கள் அட்டெனுவேஷன் வெயிலிலும் மழையிலும் 46 டெசிபெல்லை ஒட்டியே நின்றது. மார்ஜின் மட்டும் வெயிலில் 9 ஆக இருந்து, மழையில் 2 வரை இறங்கியது. தூரம் காரணமென்றால் வெயிலிலும் அறுந்திருக்க வேண்டுமே!

அந்தத் தாளை லைன்மேனிடம் காட்டியபோது அவர் மொடத்தைத் தொடவே இல்லை. "தண்ணி ஜொயின்ட்லதான் எறங்குது டீச்சர்" என்று சொல்லி, தேயிலைச் சரிவின் திருப்பத்திலுள்ள கம்பத்தில் ஏறினார். பெட்டியைத் திறந்தால், முறுக்கிய செப்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. அதை வெட்டியெறிந்து, ஈரம் புகாத பசை நிரப்பிய கனெக்டரால் இணைத்தார். இப்போது கொட்டும் மழையிலும் மார்ஜின் 8க்குக் கீழே இறங்குவதில்லை.

முறைப்பாடு செய்பவர்கள் வெயில் நேர மார்ஜின், மழை நேர மார்ஜின், அட்டெனுவேஷன் ஆகியவற்றோடு, தொலைபேசியில் கரகரப்புக் கேட்கிறதா என்பதையும் சொல்லுங்கள். இடிமுழக்கம் தொடங்குமுன் மின்சார வயரோடு தொலைபேசி வயரையும் மொடத்திலிருந்து கழற்றிவிடுங்கள். மின்னல் அந்தச் செப்புக் கம்பி வழியாகவும் வரும்.