வடகடலா, தென்கடலா?

பாம்பன் துறைமுக அலுவலகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று ஊரே பேசும்போது, ஆறு வயதில் எனக்கு இருந்தது ஒரே சந்தேகம்தான். கூண்டுக்குள் என்ன இருக்கிறது? கிளியா, கோழியா? தாத்தாவிடம் கேட்டேன். "காத்துடா" என்றார்.

அதற்கப்புறம் அவரை நான் விடவில்லை. ராத்திரியில் கூண்டு கண்ணுக்குத் தெரியாதே? அப்போது சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. கூண்டு எண் 1-க்கும் 2-க்கும் என்ன அர்த்தம்? தூரத்துக் கடலில் என்னவோ கிளம்பியிருக்கிறது. 3 வந்தால் நம் பக்கமே காற்று பலக்கும். அப்படியே 10 வரைக்கும் பயம் ஏறிக்கொண்டே போகும். 11?

"அது வந்தா, வானிலை ஆபீசோட பேச்சே அத்துப்போச்சுன்னு அர்த்தம்."

புயலைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனதையும், பாலம் உடைந்து தீவு தனித்து நின்றதையும் தாத்தா சொல்லும்போது, இடையிடையே நிறுத்திவிடுவார். "எங்களுக்கே ஒண்ணும் தெரியல" என்பார். கொஞ்ச தூரம் தள்ளி என்ன நடந்தது என்று தெரியாமல் விடிய விடிய உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

கூண்டு எண்ணைப் பார்த்துவிட்டு வந்து தெருவில் சொல்வது என் வேலையாயிற்று. யாரும் கேட்கவில்லை, சம்பளமும் இல்லை. (பிற்பாடு பகுதி நேர நிருபராக இருந்த முதல் இரண்டு வருஷமும் ஏறக்குறைய இதே கதைதான்.) எங்கள் தீவுக்கும் பத்திரிகைக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. ஓடும் ரயிலிலிருந்து வீசும் பேப்பர் கட்டுகளைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்ட பையன்தான் அப்துல் கலாம். என் காலத்தில் அப்படி எதுவும் விழவில்லை. 1988-ல் சாலைப் பாலம் திறந்த பிறகு பேப்பர் வண்டியிலேயே வர ஆரம்பித்துவிட்டது. வந்ததும் டீக்கடை பெஞ்சில் முதலில் தேடுவது பாம்பன் என்ற சொல்லைத்தான். வந்திருந்தால் எட்டு வரி இருக்கும். எட்டு வரிக்குள் எத்தனை விஷயம் விட்டுப்போயிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

நானே எழுத வந்தபோது நானும் விட்டேன்.

நிருபராகி நாலைந்து மாதம் இருக்கும். ஐப்பசி. தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: எங்களுக்கு இரண்டு கடல். பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் படுத்துக் கிடக்கும். வாடை தொடங்கினால் தலைகீழ். அதனால் காற்று மாறும் நாட்களில் படகுகளும் பாம்பன் கால்வாய் வழியாக இடம் மாறும். சிலர் வந்திருப்பார்கள், சிலர் இன்னும் அந்தப் பக்கமே இருப்பார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம், நாட்டுப்படகு கவிழ்ந்து 4 பேரைக் காணவில்லை என்று தகவல். ஓடிப்போய் விசாரித்தேன், மதுரைக்கு போனில் சொன்னேன். மறுநாள் காலையில் அச்சில் வந்துவிட்டது: 'பாம்பன் அருகே கடலில் படகு கவிழ்ந்தது.' என் முதல் முதல்பக்கச் செய்தி. ஒரு பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெற்குவாடிக்குப் போனேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அம்மா பேப்பரும் கையுமாக அங்கே நடந்தே வந்திருந்தார். மகன் வடகடலில் தொழிலுக்குப் போயிருந்தான். "எந்தக் கடல்னு போடலையே தம்பி" என்றார். திட்டவில்லை. பேப்பரை என் பக்கம் திருப்பி, அந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். விரல் நகத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

கவிழ்ந்தது தென்கடலில். எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லத் தோன்றவில்லை. மதுரையில் இருப்பவருக்குப் புரிய வேண்டும் என்ற நினைப்பில் ஊர்க்காரர் கேட்கிற முதல் கேள்வியையே விட்டிருக்கிறேன். ஆறு வயதில் கூண்டுக்குள் என்ன என்று கேட்ட பையன் அன்றைக்கு எங்கே போயிருந்தான் என்று தெரியவில்லை. காணாமல் போனவர்கள் மத்தியானம் மண்ணெண்ணெய் கேனைப் பிடித்து மிதந்தபடி கிடைத்தார்கள், நாலு பேரும். அதை மூன்றாம் பக்கத்தில் போட்டார்கள்.

பிறகு வந்த வருஷங்களில் இலங்கைக் கடற்படை கைது, மீன்பிடித் தடைக்காலம், கடல் அட்டைக் கடத்தல் என்று எத்தனையோ எழுதியாயிற்று. குறிப்பேட்டில் தேதிக்குப் பக்கத்தில் 'வ' அல்லது 'தெ' என்று போட்டுவிட்டுத்தான் பேனா நகரும்.

போன மாதம் டெஸ்கில் ஒரு புதுப் பையன் இடம் போதவில்லை என்று 'தென்கடல்' என்பதை எடுத்துவிட்டு 'கடல்' என்று மட்டும் வைத்திருந்தான். போன் பண்ணினேன்.

"சார், சென்னையில யாருக்குப் புரியும்?"

"புரியலைன்னா போன் பண்ணிக் கேட்கட்டும். நீ போடு."

போட்டான். அச்சில் 'தென் கடல்' என்று நடுவில் இடம் விட்டு வந்திருந்தது. சரி, பரவாயில்லை.