லா போர்னில் என் மூன்றாவது குப்பி

முதல் மண்குப்பி கழுத்தில் விரிசல் விட்டது. இரண்டாவது அடியில் விரிசல் விட்டது. மூன்றாவது நேற்றுச் சூளையிலிருந்து முழுசாக வந்துவிட்டது.

பிரான்சின் பூர்ஜ் நகருக்கு வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள சிற்றூர் லா போர்ன். நூற்றாண்டுகளாகக் குயவர்களின் ஊர். இங்குள்ள களிமண் 1,280 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் துவளாமல் கல்போல இறுகும். அந்தப் பாண்டத்தைப் பிரெஞ்சில் 'க்ரே' என்பார்கள். மெருகு, அதாவது கண்ணாடி போன்ற மேல்பூச்சு, பூசாவிட்டாலும் தண்ணீர் கசியாது. உலோகமும் கண்ணாடியும் மலிந்ததும் இந்தத் தொழில் நொடிந்துபோனது. 1940களில் மட்கலைஞர்களான ழான் லெராவும் ழாக்லின் லெராவும், பல்கேரியாவில் பிறந்த வசில் இவானோவும் இங்கு வந்து குடியேறியிராவிட்டால் இன்று சூளைகள் எரியுமா என்பது சந்தேகமே. அவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

எனக்கு ஆசை மூட்டியவர் அவர்களுக்கும் முந்தியவர். 19ஆம் நூற்றாண்டில் மாரி தால்போ வனைந்த பெண்ணுருவக் குப்பிகளைப் பார்த்த நாள்முதல் அப்படி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு.

முதல் தோல்விக்குக் காரணம் எளிது. உடல் காய்ந்த பிறகு ஈரக் கழுத்தை ஒட்டினேன். ஈரமானது சுருங்கும்போது காய்ந்தது அசையாதல்லவா, ஒட்டிய இடம் பிளந்துவிட்டது. இம்முறை இரண்டும் ஒரே பதத்தில் இருக்கும்போதே விளிம்புகளைக் கீறி, மண்குழம்பு தடவிச் சேர்த்தேன். பிறகு பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஐந்து நாள் மெதுவாக உலரவிட்டேன். அடியையும் பலகை வைத்துத் தட்டி இறுக்கினேன்.

சூளையில் குப்பியின் முகம் விறகின் நெருப்பைப் பார்த்திருக்கும்படி திருப்பி வைத்தோம். பறக்கும் சாம்பல் படிந்து, மண்ணோடு சேர்ந்து உருகித் தானே மெருகாகும். வெளியே எடுத்தபோது நெற்றியிலிருந்து தோள்வரை பச்சை கலந்த பழுப்பு வழிந்திருந்தது, முதுகுப்புறம் மட்டும் வறண்ட செம்பழுப்பு. 32 சென்டிமீட்டர் உயரம் 28 ஆகச் சுருங்கியிருந்தது.

ஆனால் ஊசியால் கீறிய இமைகளைக் காணவில்லை, சாம்பல் மெருகு மூடிவிட்டது. தனி மண்ணாக ஒட்டிய மூக்கும் கழுத்துமணியும் தெளிவாக நிற்கின்றன. அடுத்த முகத்துக்கு இமையையும் திரித்து ஒட்டப்போகிறேன். மண் பிசைந்து ஈரத்துணியில் மூடியிருக்கிறது.