நடக்காத வியாபாரத்துக்குக் கணக்கு இல்லை

அரசுப் பணியில் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே ஒரு அறிக்கைதான். வங்கிகளுக்கான விதிகளை இறுக்கிய பிறகு கடன் பத்திரச் சந்தைக்கு என்ன ஆனது என்று ஆராயச் சொன்னார்கள். தரவு கையில் இருந்ததால் மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை முதலில் கணக்கிட்டேன். அது கூடினால் வியாபாரச் செலவு கூடியது என்று அர்த்தம். விதிகள் வந்த பிறகு அது கூடவில்லை. கொஞ்சம் குறைந்தே இருந்தது. 'சந்தைக்குப் பாதிப்பு இல்லை' என்று எழுதி மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு மேடம் கேட்டார்: "பத்திரத்தை விற்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் இதில் எங்கே வருகிறார்?"

எங்கேயும் வரவில்லை. நடந்த வியாபாரம்தான் பதிவாகும். முன்பெல்லாம் பத்திரங்களை வாங்கி விற்கும் வங்கியின் டீலர் பெரிய தொகுதியைத் தன் கையிருப்பிலேயே வாங்கிப் போட்டுக்கொள்வார். அந்தக் கையிருப்புக்குக் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று வந்ததும், "வாங்க ஆள் கிடைக்கட்டும், பொறுங்கள்" என்கிறார். ஆள் கிடைத்துவிட்டால் செலவு குறைவுதான். ஆனால் காத்திருந்த நாட்கள் எந்த விலைப் பட்டியலிலும் ஏறாது. அப்புறம் அளவுவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். சின்ன வியாபாரங்கள் பெருகியிருந்தன, பெரியவை மெலிந்திருந்தன. இதிலும் எவ்வளவு விதியால், எவ்வளவு மின்னணு வர்த்தகம் வளர்ந்ததால் என்று பிரிப்பது பெரும்பாடு. எல்லோருக்கும் ஒரே நாளில் விதி வந்துவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்க விதி தொடாத ஆள் யாரும் இருப்பதில்லை.

அதனால்தான் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2005-ல் தொடங்கிய சோதனை மேல் எனக்குப் பொறாமை. விலை இறங்கும்போது ஷார்ட் செல்லிங்கை, அதாவது பங்கைக் கடன் வாங்கி விற்றுப் பிறகு மலிவாக வாங்கித் திருப்பலாம் என்று நம்பிச் செய்யும் விற்பனையை, கட்டுப்படுத்த 1938 முதல் ஒரு விதி இருந்தது. அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகள் சுமார் மூவாயிரம் கொண்ட ரஸ்ஸல் 3000 குறியீட்டின் பங்குகளை வர்த்தக அளவுப்படி வரிசைப்படுத்தி, மூன்றில் ஒன்றுக்கு விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு தந்தார்கள். மீதிப் பங்குகளோடு ஒப்பிட்டால் போதும். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2007 ஜூலையில் விதியையே எடுத்துவிட்டார்கள்.

மறு வருடமே நிதி நெருக்கடி. 2010-ல், ஒரு பங்கு ஒரே நாளில் 10 சதவீதம் விழுந்தால் மட்டும் பாயும்படி அந்தக் கட்டுப்பாடு வேறு வடிவில் திரும்பி வந்தது. சோதனையில் பிழை இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். சந்தை பெரும்பாலும் அமைதியாக இருந்த காலத்தில் அதை நடத்தினார்கள், அவ்வளவுதான்.

எங்கள் தரவும் அமைதிக் காலத்துத் தரவுதான். அதைச் சுருக்கவுரையின் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தேன். இறுதிச் சுற்றில், "இது எதற்கு, படிப்பவரைப் பயமுறுத்தும்" என்றார் ஒருவர். சரி, நீக்கவேண்டாம், இடம் மாற்றலாம் என்று மேடம் சமாதானம் பேசினார்.

அச்சில் வந்தபோது அது 14-ஆம் அடிக்குறிப்பாக இருந்தது.