திரும்ப எடுக்க முடியாத எண்கள்

ஆய்வறிக்கை ஒன்றில் ஓர் எண்ணைப் பார்த்தால், அதே தரவையும் அதே நிரலையும் கொண்டு இன்னொருவர் அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்றுதான் இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன். முடியாதென்றால் அந்த எண்ணை நான் ஏற்பதில்லை. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதியான அட்டனில் ஒரு சிறிய ஆவணப் பிரிவில் வேலை பார்த்ததில் வந்த பிடிவாதம் இது. தோட்டத் தொழிலாளர்களை மேற்பார்த்த கங்காணிகளின் கணக்கேடுகள், அன்றாட வருகையையும் கூலியையும் பதியும் செக்ரோல் புத்தகங்கள், கோயில் திருவிழா மலர்கள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள் ஆகியவற்றைப் படமெடுத்து, எழுத்தாக்கி, அவற்றிலுள்ள பெயர்களையும் ஊர்களையும் எண்ணுவதே எங்கள் பணி.

எங்களுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர் மேற்படிப்புக்காக வெளிநாடு போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற, பைதான் மொழியில் அமைந்த கணினி நிரல் கவனமாக எழுதப்பட்டதுதான். ஆனாலும் எங்கள் கணினியில் ஓட்டியபோது, அறிக்கையில் இருந்த ஊர்ப் பட்டியல் அப்படியே வரவில்லை. கொட்டகலை இரண்டு இடங்களில் வந்தது. திரையில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில், தமிழ் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம். அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வரலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு அவை இரண்டு சொற்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் கொம்பு, ககரம், கால் என்று துண்டு துண்டாகத் தட்டிய பழைய கோப்புகளை மாற்றும்போது இந்த இரட்டைப் பிறவி எளிதில் நேர்ந்துவிடுகிறது. என்எஃப்சி என்னும் யூனிகோட் இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்கும். ஆனால் ‘கௌரி’யில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் யாராவது தட்டியிருந்தால் அதுவும் கைகொடுக்காது, அதற்குத் தனி விதி எழுத வேண்டும். முன்னவர் இதையெல்லாம் அறிந்தே கையால் திருத்தியிருக்கிறார். அந்தத் திருத்தங்கள் அவருடைய மடிக்கணினியோடு போய்விட்டன.

மற்றக் காரணங்கள் இந்தத் துறையில் எல்லோரும் சந்திப்பவை. படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற எழுத்துணரி 2018இல் வந்த 4ஆம் பதிப்பில் நரம்பியல் வலையமைப்புக்கு மாறியது. பதிப்பைக் குறித்துவைக்காவிட்டால் அதே பக்கம் வேறு எழுத்துகளைத் தரும். பைதானில் சொற்களை ‘செட்’ என்னும் வரிசையற்ற தொகுப்பில் இட்டால், ஒவ்வோர் ஓட்டத்திலும் அவை வேறு வரிசையில் வரக்கூடும். ஒத்த பெயர்களுள் முதலில் வருவதை எடுத்துக்கொள் என்று நிரலில் இருந்தால் முடிவும் ஆட்டம் காணும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஒரு பெருக்கல். செக்ரோலில் சில குறிகளை நிரல் 0.5 ஆல் பெருக்கியது. ஏன் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை ஒருவரிடம் பக்கத்தைக் காட்டினேன். “அரைப் பேர், தம்பி. கொழுந்து குறைந்தாலும் அரைப் பேர், பாதியில் வீட்டுக்குப் போனாலும் அரைப் பேர்” என்றார். அரைப் பேர் என்றால் அரைநாள் கூலி. அப்படியானால் அந்தக் குறி எப்போதும் அரைநாள் உழைப்பு அல்ல. முழுநாளும் மலையில் நின்றவருக்கும் அது விழுந்திருக்கிறது. கூலியை எண்ணுகிறோமா, உழைப்பை எண்ணுகிறோமா என்பதைப் பொறுத்தே அந்த 0.5 சரியாகும். வரலாறு, மானிடவியல் போன்ற துறைகளில் நிரலுக்குள் ஒளிந்திருக்கும் இத்தகைய முடிவுகள்தாம் உண்மையான ஆய்வு. மென்பொருள் பதிப்பை மட்டும் எழுதிவைத்து, இதை எழுதாமல் விட்டால் எதையும் பாதுகாத்ததாகாது.

மலையகத் தமிழர்களான எங்கள் மக்களுக்கு இது வெறும் தொழில்நுட்ப ஒழுங்கு அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. காட்டக் காகிதம் இல்லாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பங்கிட்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள்ளைப் பார்க்க விடாமல் எடையை எழுதிக்கொள்வதுபோல, நம்மைப் பற்றிய எண்களை வேறு யாரோ எழுதிவந்த வரலாறு இது. நாமே எடுக்கும் எண்களையாவது எவரும் சரிபார்க்கக்கூடியவையாக வைக்க வேண்டாமா?

இப்போது மூலப் படங்களை யாரும் தொடுவதில்லை. ஒவ்வொரு கோப்புக்கும், அது மாறினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புத் தொகை உண்டு. கைத்திருத்தங்கள் தனி அட்டவணையில், யார், ஏன் திருத்தினார் என்ற குறிப்போடு இருக்கின்றன. நிரல் பயன்படுத்தும் மென்பொருள் நூலகங்களின் பதிப்பு எண்கள் ஒரு கோப்பில், நிரலில் செய்யும் மாற்றங்கள் கிட் (Git) என்ற மாற்றப் பதிவேட்டில், நிரலின் ஒவ்வொரு வெளியீடும் செனோடோ (Zenodo) என்ற இணைய ஆய்வுக் களஞ்சியத்தில். அரைப் பேருக்கு விளக்கக் கோப்பில் ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கிறோம்.

ஆனால் ஏடுகளின் தரவை நாங்கள் பொதுவில் திறந்துவிடவில்லை. ஏடுகளில் சாதி இருக்கிறது, கடன் இருக்கிறது. அந்தப் பெயர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தோட்டத்து வரிசை வீடுகளான அதே லயங்களில் வாழ்கிறார்கள். ஆகையால் கற்பனைப் பெயர்களில் ஒரு மாதிரி ஏட்டை நாங்களே எழுதி நிரலோடு சேர்த்திருக்கிறோம். இரட்டைக் ‘கொ’, தவறாகத் தட்டிய ‘கௌ’, அரைப் பேர், மை ஊறிப் பாதி மறைந்த ஊர்ப்பெயர் எல்லாம் அதில் உண்டு. அதை ஓட்டினால் என்ன விடை வரவேண்டும் என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது. மூல ஏட்டோடு ஒப்பிட விரும்புகிறவர் அட்டனுக்கு நேரில் வரவேண்டும். அவருக்காக ஒரு மேசையும் இணைய இணைப்பில்லாத கணினி ஒன்றும் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.