600 வருஷத்துக்கு முந்தின சாவுக்கு அழுத ஜனங்க

வாமிக் வோல்கன்னு சைப்ரஸ்ல பிறந்த சைக்கோஅனலிஸ்ட் (மனச அலசுற டாக்டர்), ஃப்ராய்டு வழில வந்தவர், பழைய தோல்வியோட காயம் ஒரு ஜனத்த எப்படி ஆட்டுதுன்னு செர்பியாவ வச்சு எழுதினத படிச்சதுல இருந்து மண்டைக்குள்ள அதான் ஓடுது.

1389ல கொசோவோ போர், துருக்கியரோட ஆட்டமன் படைகிட்ட மாட்டி செர்பிய இளவரசர் லாசர் செத்துப்போறார். சரி, பழைய கதை. ஆனா அந்தப் போரோட 600வது வருஷம் நெருங்குறப்போ அவரோட எலும்ப பெட்டில வச்சு ஊர் ஊரா கொண்டு போறாங்க, ஜனங்க கருப்பு டிரஸ் போட்டு நேத்துதான் செத்த மாதிரி அழுதிருக்காங்க. 1989 ஜூன் 28 அன்னைக்கு அதே போர்க்களத்துல செர்பியத் தலைவர் மிலோசெவிச் மைக் பிடிக்கிறார். விலைவாசி எகிறுது, செர்பியா, போஸ்னியாலாம் ஒண்ணா இருந்த யூகோஸ்லாவியா நாடே ஆட்டம் காணுது, ஜனங்களோட அத்தன பயத்துக்கும் ஒரு முகம் மாட்டி விட்டா போதும்ல. நம்ம உள்ள இருக்குற வெறிய ஒத்துக்க முடியாம அடுத்தவன் தலைல கட்டிட்டு, அவன்தான் நம்மள கொல்ல வர்றான்னு நிஜமாவே நம்புறது, இதத்தான் ப்ரொஜெக்‌ஷன்ங்கிறாங்க. அதே மொழி பேசுற பக்கத்து வீட்டு போஸ்னிய முஸ்லிம் திடீர்னு 'துருக்கியன்' ஆயிட்டான்!

போஸ்னியப் போர் நடந்தப்போ, 1995 ஜூலைல, முஸ்லிம்கள் இருந்த ஸ்ரெப்ரெனிட்சா ஊருக்குள்ள நுழைஞ்ச போஸ்னிய செர்பியப் படைத் தளபதி ம்லாடிச், கேமரா முன்னாடியே துருக்கியர பழிவாங்குற நேரம் வந்துடுச்சுன்னு சொல்றார். அடுத்த சில நாள்ல 8000 போஸ்னிய முஸ்லிம்களுக்கு மேல கொன்னுட்டாங்க.

ஒண்ணு மட்டும் எனக்கு இடிக்குது, எல்லாத்தையும் பழைய காயம்னே விளக்கிட்டா டிவிய கையில வச்சிருந்தவனும் துப்பாக்கி சப்ளை பண்ணவனும் ஈஸியா தப்பிச்சிடுவாங்களே.