தமிழ்வழியில் பி.ஏ. அரசியல் அறிவியல்: பாடம் படுத்தவில்லை, கைடும் சான்றும்தான்

அரசுக் கலைக் கல்லூரி, பி.ஏ. அரசியல் அறிவியல், தமிழ்வழி. ஒருவழியாக முடிந்தது. சேர்க்கை, தரவரிசை, கலந்தாய்வெல்லாம் எல்லாருக்கும் போலத்தான் நடந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. உயிரை வாங்கியவை இரண்டு: கடையில் விற்கும் கைடு, கடைசியில் வாங்க வேண்டிய தமிழ்வழிச் சான்று.

கைடின் அட்டையில் புதிய பாடத்திட்டத்தின் ஆண்டு பளிச்சென்று இருக்கும். உள்ளே இந்திய அரசமைப்புப் பகுதியைப் புரட்டினால் 29 மாநிலங்கள், 7 யூனியன் பிரதேசங்கள். 2019-இல் ஜம்மு காஷ்மீர் பிரிந்ததும், 2020 ஜனவரியில் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றானதும் அச்சகத்துக்கு இன்னும் எட்டவில்லை போலும். இன்றைய கணக்கு 28, 8. அட்டையை மட்டும் மாற்றி உள்பக்கத்தை அப்படியே ஓட்டுகிறார்கள்.

இது ஒரு மதிப்பெண் விஷயம் என்று விட்டுவிட முடியாது, பத்து மதிப்பெண் விடையே இதில் சாய்ந்துவிடும். கட்சித் தாவல் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் 52ஆவது திருத்தம், பத்தாவது அட்டவணை என்று கைடு சரியாகத்தான் ஆரம்பிக்கும். அடுத்த வரியிலேயே, மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால் தகுதியிழப்பு இல்லை என்று இருக்கும். அந்த விலக்கை 2003-இல் 91ஆவது திருத்தம் நீக்கிவிட்டது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒத்துக்கொள்ளும் கட்சி இணைப்புக்கு மட்டும்தான் விலக்கு.

மற்ற பிழைகளும் ஏறக்குறைய எல்லாக் கைடிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. சொத்துரிமையைச் சேர்த்து அடிப்படை உரிமைகள் ஏழு என்பார்கள்; 1978-இன் 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு ஆறுதான், சொத்து 300ஏ உறுப்புக்கு, வெறும் சட்ட உரிமையாகப் போய்விட்டது. அடிப்படைக் கடமைகள் பத்து என்பார்கள். 2002-இன் 86ஆவது திருத்தத்தோடு பதினொன்று. நீதிபதிகள் நியமனத்துக்குத் தேசிய ஆணையம் என்று ஒரு பத்தி முழுக்க வரும். அதைக் கொண்டுவந்த 99ஆவது திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015-இலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. தமிழகச் சட்டமன்றத்தில் 235 உறுப்பினர்கள் என்று பார்த்தால் அது ஆங்கிலோ இந்திய நியமன உறுப்பினரையும் சேர்த்த பழைய கணக்கு. 104ஆவது திருத்தத்தோடு, 2020 ஜனவரியில் அந்த நியமனம் நின்றுபோனது. இப்போது 234.

இதற்கு மருந்து செலவில்லாதது. மத்திய அரசின் சட்டமியற்றல் துறை இணையதளத்தில் அரசமைப்பின் தமிழ்ப் பதிப்பு கிடைக்கிறது. அதில் எந்தத் திருத்தம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், பிந்தையவற்றுக்கு ஆங்கிலப் பதிப்பு. அடித்தளத்துக்குத் தமிழக அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகங்கள் எந்தக் கைடையும்விட மேல். மேலை அரசியல் சிந்தனைக்கு மட்டும் கைடு பரவாயில்லை. ஹாப்ஸ், லாக், ரூசோ ஒப்பீடு எந்தத் திருத்தத்திலும் மாறப்போவதில்லை!

விடை எழுதும்போது உறுப்பு எண், ஆண்டு, ஒரு வழக்கு, ஓர் உள்ளூர் உதாரணம் நான்கும் இருந்தால் திருத்துபவரின் பேனா தயங்காது. மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரும் 356ஆவது உறுப்பு பற்றிக் கேட்டால் 1994-இன் பொம்மை வழக்கு, கூடவே 1976-இலும் 1991-இலும் தமிழக ஆட்சி கலைக்கப்பட்டது. மத்திய-மாநில உறவு என்றால் மத்திய அரசு அமைத்த சர்க்காரியா (1983), பூஞ்சி (2007) ஆணையங்கள் இரண்டோடு எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். 1969-இல் தமிழக அரசு அமைத்த ராஜமன்னார் குழுவை முதலில் எழுதுங்கள்.

மதிப்பெண் கணக்கில் ஒரு பள்ளம் உண்டு. அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. மொத்தம் 40 வந்தால் பாஸ் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் 75-க்குத் தனியாக 30 வேண்டும். அகமதிப்பீட்டில் 22, தேர்வில் 28, கூட்டினால் 50. ஆனாலும் அரியர்தான். மேஜர் பேப்பர் அத்தனையும் கிளியர் செய்துவிட்டு இந்தக் கணக்கில் பகுதி 2 ஆங்கிலத்தைத் தொங்கவிட்டவர்கள் நிறையப் பேர். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் விடைத்தாள் நகல் வாங்கிப் பாருங்கள். திருத்தாமல் விட்ட பக்கமோ கூட்டல் பிழையோ இல்லையென்றால் அந்தப் பணத்தை அடுத்த தேர்வுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி அந்தச் சான்று. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை 2010-இன் சட்டத்தால் வந்தது. 2020-இன் திருத்தத்துக்குப் பிறகு பட்டத்தில் மட்டும் தமிழ்வழி என்றால் போதாது. குரூப் 2 மாதிரி பட்டத் தகுதி கேட்கும் வேலைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியே சான்று வாங்க வேண்டும்.

கல்லூரி அலுவலக ஜன்னலில் வரும் பதில் இது: “தமிழ்லதானே தம்பி பரீட்சை எழுதினே? மார்க் ஷீட் போதும், போ.” போதாது. தேர்வைத் தமிழில் எழுதியது கணக்கில் வராது, பயிற்றுமொழி தமிழாக இருந்திருக்க வேண்டும். ஆங்கிலவழிப் பிரிவில் சேர்ந்து, வகுப்பில் தமிழிலேயே பாடம் கேட்டு, தமிழிலேயே தேர்வும் எழுதியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். சேரும்போதே சேர்க்கைப் பதிவேட்டில் பயிற்றுமொழி என்ன என்று பார்த்துவிடுங்கள். படிப்பு முடிந்தபின் அதை மாற்றுவது நடக்காத காரியம்.

வெற்றுத்தாளில் “தமிழ்வழியில் பயின்றார்” என்று அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) படிவத்தை நீங்களே பிரிண்ட் எடுத்து, நிரப்பி, முதல்வர் கையெழுத்துக்கு வையுங்கள். சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு, தேதி, அலுவலக முத்திரை நான்கையும் ஜன்னலை விட்டு நகரும் முன்பே சரிபாருங்கள். பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூ படிவத்தில் கையெழுத்து வாங்க நூலகம், துறை, அலுவலகம் என்று அலையும் அதே நாளில் இதையும் முடித்துவிடுவது நல்லது. பிறகு வந்தால் பதிவேடு எடுப்பவர் விடுப்பில் இருப்பார்.

தொடக்கப் பள்ளி மூடப்பட்டோ இணைக்கப்பட்டோ இருந்தால் பதிவேடு எங்கே என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டிவரும். அதை இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே தொடங்குங்கள், தேர்வு அறிவிக்கை வந்தபின் அல்ல.