எங்கே வலிக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்

சைக்கிள் கடைக்கு ஒரு பெண் போய் "சீட் ரொம்ப வலிக்குது அண்ணே" என்று சொன்னால் நம்ம ஊரில் கிடைக்கிற வைத்தியம் ஒன்றுதான், ஜெல் கவர். அதுவும் பத்தவில்லை என்றால், பின்னால் இரண்டு ஸ்பிரிங் வைத்து ரெக்சின் போர்த்திய தடிமனான 'லேடீஸ் சீட்' ஒன்றைக் கொக்கியிலிருந்து இறக்குவார். கட்டைவிரலால் அழுத்திக் காட்டி, "பாருங்க, எவ்வளவு சாஃப்ட்டு" என்பார். நாமும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அவர் மேல் குற்றம் சொல்லவில்லை. எங்கே வலிக்கிறது என்று அவரும் கேட்க மாட்டார், நாமும் சொல்ல மாட்டோம், அப்புறம் அவர்தான் என்ன செய்வார்? ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எவ்வளவு விலை உயர்ந்த சீட் வாங்கினாலும் காசு தண்டம்தான்.

அதனால் இங்கே கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு மர நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு எலும்பு உறுத்தும். இடுப்பெலும்பின் அடிமுனை அது. உட்காரும்போது உடம்பின் எடையைத் தாங்க வேண்டியது அந்த இரண்டு எலும்புகள்தான். புதிதாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு, அல்லது ரொம்ப நாள் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறவர்களுக்கு, அங்கேதான் முதலில் வலிக்கும். இந்த வலி ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போய்விடும், கொஞ்ச தூரமாக ஓட்டிப் பழக வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பயந்து யாரும் சீட்டை மாற்ற வேண்டியதில்லை.

முன்பக்கம், அதாவது பிறப்புறுப்புப் பகுதியில் வலி, எரிச்சல், மரத்துப்போதல் என்றால் கதையே வேறு. அந்த இடம் எடை தாங்குவதற்கானது இல்லை. "பழகிடும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அது பழகுகிற விஷயம் இல்லை. பிரிட்டனின் பாராலிம்பிக் வீராங்கனை ஹன்னா டைன்ஸ் 2019-ல் கார்டியன் பத்திரிகையில் வெளிப்படையாகவே எழுதினார், வருடக்கணக்கான சீட் அழுத்தத்தால் வந்த வீக்கத்துக்கு அவர் அறுவை சிகிச்சையே செய்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் தினமும் மணிக்கணக்கில் பயிற்சி செய்பவர், நாம் வாரக் கடைசியில் முட்டுக்காடு வரை போய்வருகிறவர்கள், ஒப்பிட முடியாதுதான். ஆனால் காரணம் ஒன்றுதான், எலும்பில் இறங்க வேண்டிய எடை மென்மையான சதையில் இறங்குகிறது.

சரி, ஏன் அப்படி இறங்குகிறது? முக்கால்வாசி நேரம் சீட்டின் அகலம் நம் எலும்புக்குப் பொருந்தாததுதான் காரணம். பெண்களுக்கு இடுப்பெலும்பு பொதுவாகச் சற்று அகலம், அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் அதிகம். சீட் ஒடுக்கமாக இருந்தால் எலும்புகள் இரண்டும் ஓரத்துக்கு வெளியே தொங்கும், நடுப்பகுதி முழு எடையையும் வாங்கிக்கொள்ளும். நிறைய சைக்கிள்களில் கம்பெனியிலிருந்தே வருகிற சீட் ஆண்களை மனதில் வைத்துச் செய்தது. ஒல்லியான பெண்ணுக்கு ஒடுக்கமான சீட், பருமனான பெண்ணுக்கு அகலமான சீட் என்று ஒரு கணக்கு ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அது சுத்தத் தப்பு. சதைக்கும் எலும்பு இடைவெளிக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. எங்கள் சைக்கிள் குரூப்பிலேயே குச்சி மாதிரி இருக்கிற ஒரு தங்கச்சிக்குத்தான் எல்லாரையும்விட அகலமான சீட் வேண்டியிருந்தது.

அளப்பது சுலபம், வீட்டிலேயே முடியும். ஆன்லைனில் ஏதாவது வாங்கினால் வருமே அந்த அட்டைப்பெட்டி, உள்ளே நெளிநெளியாக இருக்கும் ரகம், அதில் ஒரு துண்டை வெட்டி மாடிப்படியில் வையுங்கள். மெல்லிய லெக்கிங்ஸோடு அதன் மேல் உட்கார்ந்து, கால்களுக்குக் கீழே இரண்டு தடிப் புத்தகம் வைத்து முட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, சைக்கிளில் குனிவதுபோல முன்னால் சாய்ந்து, அரை நிமிடம் அழுத்தி உட்காருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் தெரியும். வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை என்றால் கோலமாவை லேசாகத் தூவிக் கையால் துடைத்துவிடுங்கள், பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். ஒரு பள்ளத்தின் மையத்திலிருந்து இன்னொன்றின் மையம் வரை ஸ்கேல் வைத்து அளந்தால் அதுதான் உங்கள் அளவு. பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் வரும். எனக்கு 13-க்குக் கொஞ்சம் கூட.

இந்த அளவை அப்படியே சீட்டின் அகலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, எலும்புக்கு இரண்டு பக்கமும் சீட் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். ஹைப்ரிட், ரோடு பைக் மாதிரி முன்னால் சாய்ந்து ஓட்டுகிற சைக்கிள் என்றால் சுமாராக 2 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மார்க்கெட்டுக்கும் ஆபீசுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து போகிற லேடீஸ் சைக்கிள் என்றால் 3 அல்லது அதற்கும் மேல். நிமிர்ந்து உட்காரும்போது முழு எடையும் பின்னால் இறங்குகிறது, குனியக் குனிய இடுப்பு முன்னால் சுழன்று அந்த எலும்பின் ஒடுக்கமான பகுதி சீட்டில் படுகிறது, அதனால்தான் இந்த வித்தியாசம். நல்ல கம்பெனிகள் ஒரே சீட்டை இரண்டு மூன்று அகலத்தில் விற்கின்றன, ஸ்பெஷலைஸ்டில் 143, 155, 168 மில்லிமீட்டர் என்று அடியிலேயே போட்டிருக்கும். கடையில் 'எஸ், எம், எல்' என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், ஸ்கேலை எடுத்துப் பின்பக்கத்து அகலத்தை நீங்களே அளங்கள். யாராவது முறைத்தால் முறைக்கட்டும்.

இனி மெத்து விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார் இல்லையா, அந்தக் கட்டைவிரல்தான் நம் எலும்பு. பிசைந்த சப்பாத்தி மாவில் இரண்டு விரலை அழுத்தினால் நடுவில் மாவு பிதுங்கி மேலே எழும்புமே, ரொம்ப மெத்தான சீட்டிலும் அதேதான் நடக்கிறது. எலும்பு அமுங்கி உள்ளே போகிறது, நடுவில் உள்ள நுரை எழும்பி எங்கே படக்கூடாதோ அங்கே போய் அழுத்துகிறது. முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும், அதனால்தான் கடையில் ஏமாந்துவிடுகிறோம். தெருமுனை வரை பால் வாங்கப் போவதற்கு அது போதும், ஒன்றும் தப்பில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் கொஞ்சம் கெட்டியான சீட்தான் நல்லது, கேட்க முரணாக இருந்தாலும். ஜெல் கவருக்கு இன்னொரு வியாதியும் உண்டு, நாடா எவ்வளவு இறுக்கினாலும் அது நகரும், நகர்ந்தால் உரசும்.

நடுவில் பள்ளமோ ஓட்டையோ வைத்த சீட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற பொறியாளர் 1985-ல் பெண்களுக்கென்றே சைக்கிள் கம்பெனி ஆரம்பித்தார், அவர் கம்பெனியின் ஓட்டை வைத்த சீட்டுகள் 1990-களில் பெண்களிடையே பிரபலமாயின. நிறையப் பேருக்கு இது பெரிய நிம்மதி, எனக்கும்தான். ஆனால் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடல் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு அந்த ஓட்டையின் விளிம்பே வெட்டும், அல்லது பிறப்புறுப்பின் வெளி இதழ் அந்த இடைவெளிக்குள் தொங்கி வீங்கும். அப்படி இருந்தால் ஓட்டை இல்லாமல், நடுவில் மென்மையான பொருள் வைத்த ரகம் பார்க்கலாம். மூக்கு, அதாவது முன்முனை, குட்டையான சீட்டுகளும் இப்போது நிறைய வருகின்றன, பழைய சீட் 27, 28 சென்டிமீட்டர் நீளம் என்றால் இவை 24, 25 இருக்கும். முன்னால் குனியும்போது குத்துவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது, குர்த்தா மாட்டிக்கொள்வதும் குறையும்.

தோல் சீட் பற்றியும் கேட்கிறார்கள். பர்மிங்காமில் 1866-ல் தொடங்கிய புரூக்ஸ் கம்பெனியின் பி17 சீட்டுக்கு உலகம் முழுக்க பக்தர்கள் உண்டு, அதில் பெண்களுக்குக் கொஞ்சம் நீளம் குறைந்த வடிவமும் இருக்கிறது. மாதக்கணக்கில் ஓட்டினால் தோல் நம் எலும்புக்குத் தக்கபடி குழிந்துகொடுக்கும். உண்மைதான். ஆனால் சென்னையில் ஐப்பசி கார்த்திகை மழையில் அதை நனையாமல் காப்பாற்றுவது ஒரு தனி வேலை, எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சீட் மாற்றுவதற்கு முன்னால் இருக்கிற சீட்டையே சரியாக வைத்துப் பாருங்கள், இதற்குச் செலவு ஒரு ஆலன் கீ (அறுகோண முனை உள்ள சாவி), பழைய சைக்கிள் என்றால் ஒரு ஸ்பேனர். நம்மில் பலர் இரண்டு பாதமும் தரையில் முழுக்க ஊன்றுகிற உயரத்தில் சீட்டை இறக்கி வைத்திருக்கிறோம், சின்ன வயசில் அப்படித்தான் பழக்கினார்கள், விழுந்துவிடக் கூடாதே என்று. அதில் என்ன சிக்கல் என்றால் கால் எடையை வாங்குவதே இல்லை, மொத்தமும் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது, முட்டி வேறு வலிக்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் உயரம். பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். சிக்னலில் நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும், இரண்டு நாளில் பழகிவிடும். அதற்காக ஒரேயடியாக ஏற்றிவிடவும் கூடாது, மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் தொடை இடுக்கு உரசிப் புண்ணாகும்.

அப்புறம் சாய்மானம். மூக்கு மேலே தூக்கியிருந்தால் எந்தச் சீட்டும் உதவாது. போனில் மட்டம் பார்க்கும் ஆப் இருக்கும், சீட்டின் மேல் ஒரு புத்தகத்தை வைத்து அதன் மேல் போனை வைத்துப் பாருங்கள். மட்டமாக ஆரம்பித்து, முன்பக்கம் அழுத்தினால் மூக்கை ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கீழே இறக்குங்கள். அதற்கு மேல் இறக்கினால் முன்னால் சறுக்கி எடையெல்லாம் மணிக்கட்டுக்குப் போய்விடும். ஹேண்டில்பாரும் இதில் கூட்டாளி. சீட்டைவிட ஹேண்டில்பார் தாழ்வாக இருந்தால் பெண்களுக்கு முன்பக்க அழுத்தம் கூடுகிறது, உணர்ச்சி குறைகிறது என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது. ஹேண்டில் எட்டாத தூரத்தில் இருந்தாலும் இதே கதைதான், நம்மை அறியாமல் சீட்டின் மூக்குக்கு நகர்ந்துவிடுவோம். அது சீட்டின் குற்றமே இல்லை, ஆனால் திட்டு வாங்குவது சீட்.

உடுப்பு பற்றிக் கொஞ்சம். ஜீன்ஸின் நாலு தையலும் ஒன்றுசேர்கிற இடம் எது என்று யோசித்துப் பாருங்கள், போதும். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கினால் பெண்களுக்கான பேட் உள்ளதாக, நடுவில் தையல் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், உள்ளாடை இல்லாமல்தான் அதைப் போட வேண்டும். கூச்சமாக இருந்தால் மேலே தொளதொளப்பாக ஒரு டிராக் பேன்ட் போட்டுக்கொள்ளலாம். முடி மழிக்கிற வழக்கம் உள்ளவர்கள் நெடுந்தூரம் ஓட்டுகிற நாட்களில் அதை விட்டுவிடுவது நல்லது, 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் பிரிட்டன் பெண்கள் அணிக்கே சீட் புண்ணுக்காக இந்த அறிவுரைதான் சொன்னார்கள். மாதவிடாய் நாட்களில் நாப்கின் உரசல் தாங்கவில்லை என்று என் தோழிகள் பலர் கப்புக்கு மாறிவிட்டார்கள். இன்னொன்று, ஈ.சி.ஆர். ஓட்டி முடித்துவிட்டு வேர்வையில் ஊறிய ஷார்ட்ஸோடு ஹோட்டலில் பொங்கல், வடை, இரண்டாவது காபி என்று ஒரு மணி நேரம் அரட்டை அடிக்கிறோமே, நம் ஊர் புழுக்கத்தில் பூஞ்சைத் தொற்றுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பையில் மாற்று உடை வைத்துக்கொள்ளுங்கள், பொங்கல் ஆறினாலும் பரவாயில்லை.

பிரசவத் தையல் போட்டவர்கள், மாதவிடாய் நிற்கிற வயதில் அங்கே வறட்சி உள்ளவர்கள், வீக்கமோ மரத்துப்போவதோ இறங்கிய பிறகும் நீடிக்கிறவர்கள், முதலில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். சீட் அப்புறம்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அவர்களில் நிறையப் பேர் ஆண்கள் சைக்கிளில், அதில் இருந்த சீட்டிலேயே ஓட்டியவர்கள். வலித்ததா என்று அவர்களிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்று எனக்கு அடிக்கடி தோன்றும். தண்ணீர்க் குடம், பிள்ளை, வயல் வேலை என்று ஓடியவர்களுக்கு அதைப் பேச நேரம் இருந்திருக்காது.

வாங்கும்போது திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நம் ஊரில் பெரும்பாலும் மாட்டார்கள். அதனால் நாங்கள் எங்களுக்குள்ளேயே சீட்டைக் கை மாற்றிக்கொள்கிறோம். சீட்டுக்கு அடியில் ஓடும் கம்பி பெரும்பாலான சைக்கிள்களில் ஒரே 7 மில்லிமீட்டர் தடிமன்தான், யாருடைய சீட்டும் யாருடைய சைக்கிளிலும் உட்காரும். மாற்றும்போது மட்டும் பழைய உயரத்தை இன்சுலேஷன் டேப்பால் குறித்துவிட்டு, புது சீட் எவ்வளவு தடிமன் என்று பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். நாலைந்து முறை ஓட்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எனக்கு 155 மில்லிமீட்டர் சீட் பொருந்திவிட்டதால் 143 ஒன்று அலமாரியில் சும்மா கிடக்கிறது, நடுவில் ஓட்டை உள்ளது, நல்ல நிலையில் இருக்கிறது. அட்டையில் எடுத்த உங்கள் அளவு சுமார் 12 சென்டிமீட்டர் வந்து, சைக்கிளும் சாய்ந்து ஓட்டுகிற ரகமாக இருந்தால் எடுத்துப்போய் ஓட்டிப் பார்க்கலாம், ஆலன் கீயும் நானே தருகிறேன்.